மூன்று கோப்பைச் சோதனை

வெள்ளரிக்காயை வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து மனைவியின் சிரிப்பு கேட்டது. கத்தி பலகை மேல் அப்படியே நின்றது. மூக்கில் ஆரம்பித்து, மூச்சு தீர்ந்து, கடைசியில் சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அந்தத் தோள் குலுங்குவது அவருக்குத் தெரிந்தது. பின்னாலேயே தம்பியின் குரல்.

"இருங்க அண்ணி, இன்னும் முடியல. அந்தம்மா லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு என்னைத் திட்டுது. நான் வெளியே நின்னு கதவை நெம்பிக்கிட்டு இருக்கேன். 'உன் மேல புகார் குடுக்கறேன், ஆபீஸ் நம்பரைச் சொல்லு'ங்குது. தாராளமா குடுங்கம்மா, ஆனா அவங்களும் என்னைத்தான் அனுப்புவாங்கன்னேன்."

மறுபடியும் சிரிப்பு. அவர் வெள்ளரித் துண்டுகளைத் தட்டில் அடுக்கி, உப்பு தூவி, எடுத்துக்கொண்டு போனார். அவரைக் கண்டதும் இரண்டு பேரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தம்பி நகர்ந்து இடம் விட்டான். "அண்ணே, அந்தம்மா கதை கேட்டியா?" என்றான். கேட்டது என்றார். உட்கார்ந்து தன் சோடாவைக் குடித்தார். சோடாவில் எலுமிச்சை பிழிந்து, கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி வைத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு பானம்தான்.

தினமும் மாலையில் ஒரு கோப்பை ஒயின் என்பது அந்த வீட்டில் பல வருடப் பழக்கம். அவர் பிஸ்கட்டும் பழச்சாறும் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் சுவைப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவர். மனைவி மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுவதும் முட்டி மாற்றியவர்களையும் இடுப்பு உடைந்தவர்களையும் கைப்பிடித்து நடக்க வைத்துவிட்டு, "இன்னும் ஒரு அடி, ஒரே ஒரு அடி" என்று சொல்லிச் சொல்லி வாய் காய்ந்து வருவாள். இருவரும் உடை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தால், விளக்கடியில் சிவப்பாக இரண்டு கோப்பைகள் நிற்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற மணி நேரங்கள் என்று அவர் நினைத்திருந்தார். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்பதை அவர் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டதில்லை.

வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் ஈரல் சரியில்லை என்று வந்தது. ஸ்கேனிலும் அதையே சொன்னார்கள். அவரைவிட மிக இளையவரான டாக்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "தினம் வேண்டாம் சார். வாரத்துல ஒரு நாள் வெச்சுக்குங்க, போதும்" என்றார். சனிக்கிழமை என்று முடிவாயிற்று. மனைவி தானும் விட்டுவிடுவதாகச் சொன்னாள். "என் ஈரலுக்கு நீ ஏன் விரதம் இருக்கணும்? நீ பாட்டுக்குக் குடி" என்று அவர்தான் பெருந்தன்மையாகச் சொன்னார். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. அவள் குடிப்பாள், தான் பக்கத்தில் இருக்கலாம், பேச்சு மட்டும் பழையபடி ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

அந்தக் கணக்கில் தம்பி இல்லை. விவாகரத்தான பிறகு அவன் அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். இரவல் வாங்கிப் போன ஏணியைத் திருப்பித் தர ஒரு மாலை மேலே வந்தவன், அண்ணி மட்டும் கோப்பையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். "தனியா குடிக்கறது கெட்ட பழக்கம் அண்ணி. நான் வேணா துணைக்கு இருக்கேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சின்ன வயதிலிருந்தே அவன் எதையும் கேட்டு வாங்கியதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்வான், அவ்வளவுதான். யாருக்கும் கொடுக்கத் தோன்றிவிடும்.

தெளிந்த தலையோடு அந்த ஒரு மணி நேரத்தைப் பார்ப்பது அவருக்குப் புதிது. அரைக் கோப்பை தாண்டியதும் மனைவி கைக்கடிகாரத்தைக் கழற்றி விளக்கடியில் வைத்தாள். முதலில் காது நுனி சிவந்தது, பிறகுதான் கன்னம். ஒரு நோயாளி நொண்டுவதைச் சொல்லும்போது அவள் தோள் தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது. இத்தனை வருடமும் இதெல்லாம் நடந்திருக்கும். தானும் குடித்துக்கொண்டிருந்ததால் பார்க்காமல் விட்டிருக்கிறார். இப்போது பார்க்கிறார், ஆனால் அது இன்னொருவனுக்காக நடந்துகொண்டிருந்தது. தன் வீட்டில் தனக்கே தெரியாமல் இருந்த ஒரு அறையை யாரோ திறந்து குடியேறிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

சின்னச் சின்ன விஷயங்கள்தான். "வாங்க தம்பி" என்று இருந்தது எப்போதோ "வா தம்பி" என்று ஆகியிருந்தது. எப்போது என்று யாரும் கவனிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அவர் மட்டும் "நீங்க"விலேயே இருந்தார். ஒரு நாள் மூவரும் சாப்பிடும்போது தம்பி, "அண்ணி, அந்தக் கணக்கு வாத்தியார் இன்னிக்காவது மாடிப்படி ஏறினாரா?" என்று கேட்டான்.

"எந்தக் கணக்கு வாத்தியார்?" என்றார் அவர்.

"சொன்னேனேங்க" என்றாள் மனைவி. யோசித்தாள். "ஓ, அது நீங்க படுக்கப் போனதுக்கு அப்புறம்."

கணக்கு வாத்தியார் படி ஏறிவிட்டாராம். தம்பி தட்டில் ஒரு தாளம் போட்டான். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். முன்பின் பார்த்திராத ஒரு கிழவர் படி ஏறியதில் தனக்கு ஏன் எரிகிறது என்று கேட்டுக்கொண்டார். பதில் அசிங்கமாக இருந்ததால் தண்ணீர் குடித்தார்.

அவருடைய தொழிலில் ஒரு முறை உண்டு. சுவை பார்க்கிறவரின் முன்னால் அடையாளம் இல்லாத மூன்று கோப்பைகளை வைப்பார்கள். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகத் தடுப்புக்குள் சிவப்பு விளக்கு எரியும். எது வேறு என்று நாக்கு மட்டுமே சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு விதியும் உண்டு: ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் மாற்றலாம். மாற்றினால் ருசி மாறுகிறதா, அந்தப் பொருள்தான் காரணம். மாறவில்லையா, காரணம் வேறு எங்கோ. இருபதுகளில் கற்றுக்கொண்டது. ஐம்பதைத் தாண்டியும் இதைவிட நியாயமான ஒன்றை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை.

ஆகவே மாலைகளையும் அப்படியே யோசித்தார். அந்த அறையில் ஒரு பெண், ஒரு ஆண், ஒயின். சிரிப்பு எதிலிருந்து வருகிறது? ஒயினிலிருந்துதான் என்று அவர் நம்ப விரும்பினார். அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? களைத்துப்போன ஒரு பெண்ணும், ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்கிற ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும். பேச்சு நொண்டும். தம்பி சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பான். அவள் கொட்டாவி விடுவாள். அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நாளாக ஆக அது பசி மாதிரி வயிற்றிலேயே உட்கார்ந்துகொண்டது.

ஆல்கஹால் நீக்கிய ஒயின் கடையில் கிடைத்தது. மதிய இடைவேளையில் பரிசோதனைக் கூடத்தில் யாரும் இல்லாதபோது திறந்து, ஒரு வாய் வைத்து, உருட்டி, துப்பினார். ஜாம் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. கனமில்லை, பிடிப்பில்லை. நாக்கைச் சுருக்குகிற துவர்ப்புக்குக் கறுப்பு டீயைக் கெட்டியாகக் காய்ச்சிச் சில சொட்டு சேர்த்தார். தொண்டையில் இறங்கும் சூட்டுக்கு மிளகை ஊற வைத்து வடிகட்டிய நீர். அதிகமானது, குறைத்தார். மறுநாள் மீண்டும் குறைத்தார். இந்த வேலையில் அவருக்கு நிகர் அந்த ஊரிலேயே இல்லை என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் வந்தது ஏறக்குறைய அசல். மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் வீட்டுப் புட்டியிலிருந்த நல்ல ஒயினைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினார். அதன் வாசனை மேலே எழுந்தபோது ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு புதியதை நிரப்பி, திருகு மூடியைத் திருகி, அலமாரியில் பழைய இடத்தில் வைத்தார்.

அன்று மாலை சோடாவோடு முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்டார். மனைவி ஊற்றினாள். முதல் வாய் குடித்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. தம்பி குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"அண்ணே, இது புதுசா? நல்லா இருக்கே. ஒரு காரம் இருக்கு."

"அதே கம்பெனிதான்" என்றார் அவர். உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை.

முதலில் பேச்சு நொண்டத்தான் செய்தது. தம்பி ஒரு ஹோட்டல் லிஃப்டைப் பற்றி ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். அவர் சோடாவை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். இன்னும் கொஞ்சம் சோடா கொண்டுவர எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது எல்லாம் மாறியிருந்தது. மனைவி கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்வதற்குள் அவளுக்கு மூக்கில் அந்தச் சத்தம் வந்துவிட்டது. அதற்குமேல் இருவரையும் நிறுத்த முடியவில்லை. அடங்கும், ஒருவர் கோப்பையைக் கையில் எடுப்பார், மறுபடி ஆரம்பிக்கும். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி முழங்காலில் குத்திக்கொண்டான். இத்தனை மாலைகளில் அவள் இவ்வளவு சிரித்து அவர் பார்த்ததில்லை. ஒரு சொட்டுக்கூட ஆல்கஹால் இல்லாமல்.

அடுத்த நாளும் அப்படியேதான்.

ஆக, முடிவு தெரிந்துவிட்டது. ஒயினை எடுத்தாகிவிட்டது, சிரிப்பு போகவில்லை. காரணம் அந்த ஆள். ஒயின்தான் எல்லாவற்றுக்கும் காரணமோ என்ற சந்தேகத்தோடு இருந்த நாட்கள் எவ்வளவு சுகமானவை என்று இப்போது பட்டது. வேலையிடத்தில், அத்தனை வருடத்தில் செய்யாத ஒரு தவற்றைச் செய்தார். மூன்று கோப்பையிலும் ஒரே பழச்சாற்றை ஊற்றி வைத்துவிட்டார். தடுப்புக்குள் சுவை பார்க்க உட்கார்ந்திருந்த பெண் வெகுநேரம் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "நடுவுல இருக்கறதுதான் சார் வேற. நல்லாவே தெரியுது. லேசா கசக்குது" என்றாள். அவர் தவற்றைச் சொல்லவில்லை. நடுக் கோப்பையைத் தானும் எடுத்துச் சுவைத்தார். சொன்ன பிறகு கசக்கிற மாதிரித்தான் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. அவருடைய நாள். தம்பிக்கு எங்கோ லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்து அவருடைய பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அசல் புட்டி ஒன்று புதிதாக வாங்கி வைத்திருந்தார். அவரே திறந்தார், அவரே ஊற்றினார். நாலு நாள் பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்ட மாதிரி முதலில் வாசனையை இழுத்துக்கொண்டார். மனைவி கைக்கடிகாரத்தைக் கழற்றவில்லை. ஒரு வாய் குடித்தாள். கோப்பையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். உதட்டோரம் சிரித்தாள்.

"இன்னிக்கு நிஜம் போல."

அவர் கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"எப்படித் தெரிஞ்சது?"

"டீ. நம்ம வீட்டு டீத்தூள் வாசனை எனக்குத் தெரியாதா? தினம் காலையில நான்தானே போடறேன். முதல் வாய்லயே தெரிஞ்சுபோச்சு."

"அவனுக்கு?"

"அவனுக்கு என்ன தெரியும். நல்லா இருக்குன்னு நிஜமாவே நெனச்சான், பாவம். நான்தான் கண்ணைக் காட்டினேன். நீங்க சோடா எடுக்கப் போனப்போ விஷயத்தைச் சொன்னேன். 'அய்யோ அண்ணி, நான் காரம் வேற இருக்குன்னு பாராட்டிட்டேனே'ன்னான். அதுக்கப்புறம் எங்களால முடியல." சொல்லும்போதே அவளுக்கு மறுபடி வந்துவிட்டது. "நீங்க வேற பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் மாதிரி எங்களையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

அவர் எதிர்பார்த்திருந்த சிரிப்பு அதுதான். அவருக்கு நேராக, அவருக்கு மட்டும், தோள் குலுங்க. இதில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி. முகம் ஒத்துழைக்கவில்லை. அந்த இரண்டு மாலைகளும் அவர் அளந்து பார்த்த சிரிப்பு அவரைப் பற்றியது. பரிசோதகரே கோப்பைக்குள் விழுந்துவிட்ட பரிசோதனை. அதைவிட, அவர் சோடாவுக்குப் போய் வந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் ஒரு ரகசியம் உண்டாகி, அதை அத்தனை நாளும் அவருக்கு முன்னாலேயே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

அவர் முகத்தைப் பார்த்து அவள் அடங்கினாள். "கோபமா? நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. 'அண்ணன் நம்ம ஈரலையும் சேர்த்துப் பாத்துக்கறான் அண்ணி, வாயைத் திறக்காதீங்க'ன்னு தம்பிதான் சொன்னான். நேரா கேட்டா உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன்."

அப்படியே விட்டிருக்கலாம். தைத்து, இஸ்திரி போட்டு, அளவுக்குச் சரியாக ஒரு நல்லெண்ணத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதுவும் தம்பி கொடுத்தது என்பதுதான் பொறுக்கவில்லை.

"நல்லதுக்குச் செய்யல" என்றார்.

"பின்ன?"

"ஒயின் இல்லாட்டி சிரிக்கறீங்களான்னு பாக்கறதுக்கு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். ஒரு முட்டியை எங்கே தொட்டால் வலிக்கும் என்று தேடுகிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். என்கிட்ட நீ அப்படிச் சிரிச்சதே இல்ல."

வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டு ஓய்ந்தது. அவள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சிரிச்சிருக்கேன். அப்போ நீங்க ஒயினைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்திருப்பீங்க. இதுல புகை இருக்கு, அதுல மரம் இருக்குன்னு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தக் கணக்கு வாத்தியார் விஷயத்தை முதல்ல உங்ககிட்டதான் ஆரம்பிச்சேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இன்னிக்கு ஒரு வாத்தியார் வந்தார்னு சொன்னேன். எந்த முட்டின்னு கேட்டீங்க. இடதுன்னேன். அதோட முடிஞ்சுபோச்சு."

"வேற என்ன கேக்கணும்?"

"ஒண்ணும் கேக்க வேண்டாம்."

"அவன் என்ன கேட்டான்?"

சொல்லலாமா என்று யோசித்தாள். அப்படி யோசித்தது அவருக்குப் பதிலைவிட அதிகமாக வலித்தது.

"அவர் பொண்டாட்டி இருக்காங்களான்னு கேட்டான். கதையே அங்கதான் இருந்தது."

அவர் ஒரு வாய் குடித்தார். நல்ல ஒயின். வாரம் முழுவதும் காத்திருந்தது. அதில் என்னென்ன இருக்கிறது என்று நாக்கு தானாக ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தது, அவர் அதை அதட்டி நிறுத்தினார். கணக்கு வாத்தியாரின் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று இப்போது கேட்கலாம். வார்த்தைகள் வாயில் தயாராக இருந்தன. ஆனால் அது தம்பியின் கேள்வி. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிற மாதிரி இருக்கும். தன்னுடையது என்று ஒரு கேள்வியைத் தேடினார். இத்தனை வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தவளிடம் கேட்க ஒன்றும் அகப்படவில்லை. அவள் காத்திருந்தாள். காத்திருக்கிறாளா, இல்லை வெறுமனே உட்கார்ந்திருக்கிறாளா என்றும் தெரியவில்லை.

கதவு தட்டப்பட்டது. தம்பி. மசகு பிடித்த கால்சட்டையோடு, கருவிப் பையோடு வாசலிலேயே நின்றான்.

"லிஃப்ட் தானாவே சரியாயிடுச்சு, நான் போறதுக்குள்ள. இன்னிக்கு உங்க நாள்னு தெரியும் அண்ணே. பைக் சாவியை மாட்டிட்டுப் போயிடறேன்."

மனைவி வாவென்றும் சொல்லாமல், போவென்றும் சொல்லாமல் கோப்பையின் காம்பைத் திருகிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று மூவருக்கும் தெரிந்தது.

"உக்காரு" என்றார் அவர். குரல் அவர் நினைத்ததைவிட முரட்டுத்தனமாக வந்தது.

தம்பி சோபாவில் அழுக்குப் படக்கூடாது என்று தரையில் சுவரோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்தான். அவர் உள்ளே போய்க் கோப்பை எடுத்தார். அலமாரிக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தார், காதைக் கூடத்தில் வைத்துக்கொண்டு. அங்கே யாரும் பேசவில்லை. பேசாமல் என்ன செய்கிறார்கள் என்று வேகமாகத் திரும்பி வந்தார். மனைவியும் சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு திண்டை அவன் முதுகுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் நின்றபடியே குனியாமல் ஊற்றினார். தம்பி வாங்கி, ஒரு வாய் குடித்து, விழுங்காமல் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தான். அவரைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தான். இது எது என்று கேட்கிற பார்வை. அவள் இமையை லேசாக இறக்கி ஏற்றினாள். அதற்கு என்ன அர்த்தம் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

தம்பி விழுங்கினான். "நல்லா இருக்கு அண்ணே" என்றான் மிகவும் கவனமாக. "காரம்தான் கொஞ்சம் கம்மி."

கீழே இரண்டு தோள்களும் குலுங்க ஆரம்பிக்கப் போவதை அவர் பார்த்தார். இருட்டிவிட்ட ஜன்னல் கண்ணாடியில் கூடம் முழுவதும் தெரிந்தது. விளக்கு, தாழ்வாக அருகருகே இரண்டு முகங்கள், அவற்றுக்கு நடுவே அவருடைய சட்டை, புட்டியைப் பிடித்த ஒரு கை. சட்டைக்கு மேலே ஜன்னல் முடிந்துவிட்டிருந்தது. தன் முகத்தையும் அதில் கொண்டுவர அவர் முழங்காலைக் கொஞ்சம் மடக்கினார். கண்ணாடியில் முதலில் தாடை வந்தது. இன்னும் மடக்கினார். வாய் வந்தது.